ஹாலமை எழுப்பியவர்

யோகநாதன் ஒரு நாளில் செய்யும் மூன்று வேலைகளில் நடுவில் வருவது லெனர்ட் ஆஷ்பியைக் குளிப்பாட்டுவது. அதற்கு முன்னால் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவ வேண்டும். பாரிசுக்கு வெளியே, கார்ஜ் புறநகரில் இருக்கும் வீட்டிலிருந்து இருட்டோடு வெளிக்கிடுவான். ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே கண்ணயரப் பழகியிருந்தான்.

ஆஷ்பியின் வீடு லா சப்பலில், பஜோல் தெருவில், நான்காம் மாடியில் இருந்தது. பின் யன்னலைத் திறந்தால் தண்டவாளங்கள் தெரியும். முதியவர்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு சிறு நிறுவனம்தான் யோகநாதனை அங்கே அனுப்பியது. அங்கே யார் யாருக்கு எந்த வீடு என்று பிரித்துக்கொடுப்பவள் அனுஜா. சின்ன வயதிலேயே பாரிசுக்கு வந்துவிட்ட யாழ்ப்பாணத்துப் பெண். "இங்கிலீஷ்காரர் அண்ணை. மனிசி செத்துப் போச்சு, மகள் லியோனிலை. சண்டைக்குள்ள பிளேன் ஓட்டினவராம். கரைச்சல் இல்லாத மனுசன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

கரைச்சல் இல்லைதான். தொண்ணூற்று நான்கு வயது உடம்பு, பிடித்துத் தூக்கினால் பெரிய பறவை ஒன்றின் கனம்தான் இருக்கும். வலது பாதம் கொஞ்சம் உள்ளுக்குத் திரும்பியிருந்தது. காலை வணக்கம் சொல்வார், தண்ணீர் சூடு போதும் என்பார், முடிந்ததும் நன்றி சொல்வார். மாதக்கணக்காக அவர்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். யோகநாதனுக்கும் அது வசதியாக இருந்தது. கதைப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

ஜூலையில் ஒரு நாள், தேசிய தின அணிவகுப்புக்கு ஒத்திகை பார்த்த போர் விமானங்கள் வடக்குப் பாரிசின் மேலாகத் தாழ்ந்து பறந்தன. யோகநாதன் அப்போது ஆஷ்பியின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டதுதான் தெரியும். மறு கணம் குளியலறைத் தரையில் குந்தியிருந்தான், துவாய் தலைக்கு மேலே, இரண்டு கைகளும் துவாய்க்கு மேலே. இருபத்தைந்து வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறான்; ஆனாலும் உடம்புக்கு அது தெரியவில்லை.

எழும்பியபோது வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டான். ஆஷ்பி நாற்காலியில் நனைந்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் ஊருக்கு மேலே எந்த விமானங்கள் வந்தன?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

பெயர் கேட்பார் என்று யோகநாதன் நினைக்கவில்லை. சனம் வைத்த பெயர்கள்தான் அவனுக்குத் தெரியும். பொம்மர், சகடை, அவன் ஊரை விட்ட பிறகு வந்த கிபிர். சகடை மெதுவாக வரும், பீப்பாய்களை உருட்டிவிடும் என்று கையால் காட்டினான். எவ்வளவு உயரத்தில் பறந்தது என்று ஆஷ்பி கேட்டார். உயரம் பார்க்கவில்லை, பங்கருக்குள் ஓடினோம் என்றான் யோகநாதன். கிழவர் அதற்குத் தலையாட்டினார். பிறகு, "நான் மேலே இருந்தவன்" என்றார். "குளிர்கிறது. துவாயைத் தாருங்கள்."

அன்றிலிருந்துதான் அவர் கதைக்கத் தொடங்கினார். ஒழுங்காக அல்ல. ஒரு நாள் சவரத்தின்போது ஒரு துண்டு, இன்னொரு நாள் காலுறை மாட்டும்போது இன்னொரு துண்டு. யோகநாதன் அவற்றைத் தனக்குள் வரிசைப்படுத்திக்கொண்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் ஆண்டுக் கோடையில் ஆஷ்பிக்கு இருபது வயது. இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு புல்வெளி, அதில் ஹரிகேன் என்ற ஒற்றை இருக்கைப் போர் விமானங்கள். ஜெர்மன்காரர்கள் கடலைக் கடந்து குண்டு போட வருவார்கள். தொலைபேசி அடிக்கும். எல்லோரும் விமானத்துக்கு ஓட வேண்டும். திரும்பி வந்து பெற்றோல் நிரப்புவதற்குள் மறுபடி அடிக்கும். ஒரு நாளைக்கு நாலு தரம், ஐந்து தரம். அந்தக் கோடையைப் பற்றி எல்லோரும் அவரிடம் துணிச்சலைத்தான் கேட்டார்களாம். அவருக்கு ஞாபகம் இருந்தது நித்திரைதான். தரையிறங்கி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, இருக்கையிலேயே நித்திரையாகிவிடுவார். மெக்கானிக் ஏறி வந்து என்ஜினை நிறுத்துவான். சாப்பாட்டுக் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நித்திரை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மரியாதைக்கு நிற்கும்போதும் நித்திரை.

"பயப்படுவதற்குக்கூட விழித்திருக்க வேண்டும்" என்றார் ஒரு முறை. யோகநாதன் அவருடைய காலுறையை இழுத்துக்கொண்டே, அது தனக்கு விளங்குகிறது என்று நினைத்தான்.

நாற்பத்திரண்டில் கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். திருகோணமலை. இதைச் சொன்னபோது ஆஷ்பி யோகநாதனின் முகத்தை ஆவலோடு பார்த்தார். தான் புங்குடுதீவு, திருகோணமலையை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தது என்று யோகநாதன் சொல்ல வேண்டியிருந்தது. பரவாயில்லை என்று தொடர்ந்தார். ஏப்ரல் மாதம் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்க வந்த காலையில் அவர் மேலே போனார். கொஞ்ச நேரத்தில் விமானத்தில் தீப்பிடித்தது. குதித்தார். பரசூட்டோடு கடலில் விழுந்தவரை மீன்பிடி வள்ளம் ஒன்று தூக்கியது. பாதம் உடைந்தது அப்போதுதான்.

"வள்ளத்தில் இருந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உங்கள் மொழிதான். பாடு, பாடு என்று."

"பாடு என்றால் பாட்டுப் பாடச் சொல்வது, முசியே."

"கால் உடைந்தவனை ஏன் பாடச் சொல்ல வேண்டும்?"

யோகநாதன் யோசித்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. படு என்று சொல்லியிருப்பார்கள், பேசாமல் படுத்துக்கொள் என்று. ஆஷ்பிக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. எழுபத்து மூன்று வருடங்களாக அந்த இரண்டு மீனவர்களையும் கொஞ்சம் பைத்தியக்காரர்கள் என்று நினைத்திருந்தாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் 'படு' என்று சரியாகச் சொல்லிப் பார்ப்பார். கொஞ்சம் நீண்டுதான் வரும்.

கால் தேறியதும் மறுபடி ஐரோப்பா. நாற்பத்து நான்கில் டைஃபூன் என்ற கனமான விமானம். வேலை, பிரான்சில் ஓடும் ரயில்களைத் தேடி அழிப்பது. அந்த ஓகஸ்டில் கிரேய் பக்கத்தில் கீழே இருந்து சுட்டதில் அவரது விமானம் பீற்றூட் வயலில் விழுந்தது. ஒரு ரயில்வே தொழிலாளி அவரைத் தன் வீட்டு நிலவறையில் ஒளித்துவைத்தார். சாப்பாடு கொண்டுவந்தது அந்த மனிதரின் மருமகள் முறையான ஓதெத். பாரிசிலிருந்து அங்கே வந்திருந்தாள். அவளுடைய தாயை அதே வருடம் ஏப்ரலில், லா சப்பல் ரயில் முற்றத்தின் மேல் பிரித்தானிய விமானங்கள் குண்டு போட்டபோது, வீட்டோடு சேர்த்து இழந்திருந்தாள். கோப்பையை வைப்பாள், ஒரு வார்த்தை பேசாமல் போவாள். ஒரு நாள் நின்று, நீயும் அதில் வந்தாயா என்று கேட்டாள். இல்லை, அவை பெரிய விமானங்கள், நான் ஓட்டுவது வேறு என்று இவர் விளக்கினார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "சூப் ஆறுகிறது" என்றாள்.

யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில் அவளையே கலியாணம் செய்து, இங்கே வந்து, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து, இதே தெருவில் கிழவரானார். தாயை இழந்த அந்த ஏப்ரலைப் பற்றி மனைவி சாகும்வரை வாயே திறக்கவில்லை என்றார்.

ஹாலமைப் பற்றி அவர் கடைசியாகத்தான் சொன்னார், ஒக்ரோபர் மாதத்தில். அவருடைய மகள் எலென் லியோனிலிருந்து வந்துபோன மறுநாள். பிரான்சை விடுவிக்கச் சண்டை செய்த பழைய பிரித்தானிய வீரர்களுக்கு அரசு பதக்கம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். எலென் ஓடித்திரிந்து அப்பாவுக்கும் அதை வாங்கியிருந்தாள். அவரால் வெளியே போக முடியாததால், தூதரகத்திலிருந்தும் நகரசபையிலிருந்தும் ஆட்கள் வீட்டுக்கே வந்து அணிவிப்பதாக ஏற்பாடு.

"எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அழுதாள். அதனால் சரி என்றுவிட்டேன்" என்றார் ஆஷ்பி. பிறகு, கேட்காமலே, ஹாலம்.

ஹாலம் அவரோடு அந்தப் புல்வெளியில் இருந்தவன். ஒரே வயது. ஒரு பிற்பகல், நான்காவது தடவை பறந்து வந்து, குடிலுக்கு வெளியே கிடந்த சாய்மனைக் கதிரையில் சப்பாத்தோடு விழுந்து நித்திரையாகிவிட்டான். தொலைபேசி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். ஆஷ்பி பாதி தூரம் ஓடியபிறகு திரும்பிப் பார்த்தார். ஹாலமுக்குச் சத்தம் கேட்கவேயில்லை. வாய் திறந்திருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி ஒரு கை கன்னத்துக்குக் கீழே.

"திரும்பி ஓடி அவனை உலுப்பினேன். கண்ணைத் திறந்து, என்னைத் தெரியாதவன் போலப் பார்த்தான். பிறகு எழுந்து ஓடினான். கடலுக்கு மேலே முதலாவதாக விழுந்தது அவன்தான். அவன் விழிக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். நித்திரையிலேயே பறந்துபோனான்."

எழுப்பாமல் விட்டிருந்தால் அவன்மேல் குற்றம் சாட்டியிருப்பார்களே என்றான் யோகநாதன்.

"சாட்டியிருப்பார்கள். எழுப்பியது சரிதான். யாரும் அதைத்தான் செய்வார்கள்." ஆஷ்பி நாடியை உயர்த்திக் கொடுத்தார், சவரக் கத்திக்கு. "சரியாக இருப்பதால் ஒன்றும் ஆறவில்லை, அவ்வளவுதான்."

நவம்பரில் அந்த நாள் வந்தது. அதற்கு முந்திய ஒரு வாரமாகக் கிழவருக்கு இடுப்பு வலி. மருந்து மாற்றியும் நித்திரை இல்லை. எலென் முதல் நாளே வந்து வீட்டைத் துடைத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிறு கேக்குகளும் சம்பெயின் கிளாசுகளும் அடுக்கியிருந்தாள். அறுபது வயதைக் கடந்த, எப்போதும் அவசரத்தில் இருக்கிற பெண். அவளும் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

யோகநாதன் ஆஷ்பியைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சேட்டும் நீலக் கோட்டும் போட்டுவிட்டான். கழுத்துப்பட்டி கட்டும்போதே தலை இரண்டு தரம் முன்னால் சாய்ந்தது. ஆட்கள் வரும்வரை கொஞ்ச நேரம் சரியட்டுமா என்று கேட்டார்.

"படுங்கோ" என்றான் யோகநாதன், தமிழிலேயே.

கிழவர் சிரித்தார். கோட்டோடு படுத்தார். தலையணையில் தலை படுவதற்குள் நித்திரை. நாட்கணக்காகத் தேடிய நித்திரை அது; மார்பு ஆழமாக ஏறி இறங்கியது.

ஆட்கள் வந்தார்கள். தூதரகத்திலிருந்து சீருடையில் ஓர் அதிகாரி, நகரசபைப் பெண்மணி ஒருவர், பழைய படைவீரர் சங்கத்திலிருந்து கொடி பிடிக்க வந்த முதியவர் ஒருவர், கட்டடத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர். முன்னறையில் கிளாசுச் சத்தம் கேட்டது. எலென் அறை வாசலுக்கு வந்தாள். யோகநாதன் கதவடியில் நின்றான்.

"எழுப்புங்கள்" என்றாள்.

"நித்திரை, மதாம்."

"தெரிகிறது. எழுப்புங்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள்."

"நான் எழுப்பமாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கியது. இந்த நாட்டில் வேலை தருகிற ஒருவருக்கு அவன் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. எலென் அவனைப் பார்த்தாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. ஏன் என்று கேட்டாள். அவனிடம் இருந்த பிரெஞ்சு அதற்குப் போதவில்லை.

"உங்கள் அப்பா ஒருவரை எழுப்பினார். சண்டையில். அவர் திரும்பி வரவில்லை. ஹாலம் என்று பெயர்."

"யார் ஹாலம்?"

"அவரிடம் கேளுங்கள். எழும்பியபிறகு."

அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவன் தடுக்கவில்லை. தடுக்க அவனுக்கு என்ன உரிமை? கட்டிலருகே நின்று கையை அப்பாவின் தோளுக்குக் கொண்டுபோனாள். வாய் திறந்திருந்தது, ஒரு கை கன்னத்துக்குக் கீழே. கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள். முன்னறையில் இருந்தவர்களிடம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள்.

தூதரக அதிகாரி நல்ல மனிதர். பதக்கத்தைப் பெட்டியோடு எலெனின் கையில் கொடுத்து, அறைக் கதவை நோக்கி ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். நகரசபைப் பெண்மணி தன் உரையை மடித்துக் கைப்பையில் வைத்தார். கொடி பிடிக்க வந்த முதியவர் மட்டும் கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கேக் சாப்பிட்டுத்தான் போனார்.

யோகநாதன் உணவகத்துக்குப் போக ஏற்கெனவே பிந்திவிட்டது. அவன் கோட்டை எடுத்தபோது எலென் தொலைபேசியில் இருந்தாள். நிறுவனத்தின் பெயர் காதில் விழுந்தது.

பின்னேரம், குசினிக்குப் பின்னால் குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் நின்று அவன் அனுஜாவின் அழைப்பை எடுத்தான்.

"அண்ணை, அந்த மதாம் சரியான கோவத்திலை கதைச்சவா. நீங்கள் எழுப்பமாட்டன் எண்டனீங்களோ?"

"ஓம்."

"ஏன் அண்ணை?"

"மனம் வரேல்லை, பிள்ளை."

அனுஜா கணினியில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, முறைப்பாடு வந்தால் ஆளை மாற்றத்தான் வேண்டும், தன் கையில் இல்லை என்றாள். பியர்ஃபித்தில் ஒரு வீடு இருக்கிறது, நாளை அங்கே போகச் சொன்னாள். அவன் சரி என்றான்.

வீட்டில் மிருணாளினி றுவாசி விமான நிலையத்தில் கழிப்பறைகள் துப்புரவாக்கும் வேலை முடித்து வந்து, கால்களை ஸ்ரூலில் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். "உங்களுக்கு என்ன வந்தது? ஆரோ ஒரு கிழவன்ரை நித்திரைக்கு..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். அவனுக்கும் சண்டை பிடிக்கத் தெம்பில்லை, அவளுக்கும் இல்லை. சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள்.

பியர்ஃபித் வீட்டுக் கிழவி வாய் ஓயாமல் ஏசுவாள். அவன் கேட்டுக்கொண்டே வேலை செய்தான். மாதம் முடிவதற்குள் அனுஜா மறுபடி அழைத்தாள். பஜோல் தெருவுக்கே திரும்பிப் போகச் சொன்னாள். புதிதாக வந்த இரண்டு பேரையும் கிழவர் தன்னைத் தொட விடவில்லையாம். "அந்த மதாம்தான் கேட்டவா. இஞ்சை உங்கடை பேரைச் சொல்லித்தான் கேட்டவா."

கதவைத் திறந்தது எலென். லியோனுக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கியிருந்தாள். காலை வணக்கம் சொல்லி வழிவிட்டாள். ஆஷ்பி நன்றாக மெலிந்திருந்தார். பதக்கம் கட்டிலருகே, மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அன்று அவர் விழித்தது பொழுது சாயும் நேரத்தில் என்றும், மிச்சக் கேக்குகளை இருவருமாகச் சாப்பிட்டார்கள் என்றும் ஆஷ்பி சொன்னார். "அவளுக்கு நிறையக் கேள்விகள் இருந்தன. அறுபது வருடக் கேள்விகள். எனக்குக் களைத்துப்போயிற்று." ஆனால் சலித்துக்கொண்டு சொன்னதாகத் தெரியவில்லை.

குளிர்காலம் முழுவதும் யோகநாதன் போய்வந்தான். கதை குறைந்துவிட்டது. பெப்ரவரியில் கிழவருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அங்கேயே முடிந்தது.

பெர் லஷேஸ் மயானத்தில் தகனம். யோகநாதன் அலுவலக வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பின்வரிசையில் நின்றான். அதே தூதரக அதிகாரி வந்திருந்தார். ஆஷ்பி எந்தெந்தப் படையணிகளில் இருந்தார், எந்தெந்த விமானங்களை ஓட்டினார், எத்தனையைச் சுட்டு வீழ்த்தினார் என்று சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். திருகோணமலை என்ற ஒரு சொல்தான் யோகநாதனுக்குப் பிடிபட்டது.

வெளியே படிகளில் எலென் அவனிடம் வந்தாள். கறுப்புக் கையுறைகளைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

"அன்று உங்கள்மேல் கோபப்பட்டேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அந்தப் பதக்கத்தை அவர் சட்டையில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது."

"விளங்குது, மதாம்" என்றான்.

"ஆனால் அவர் எழும்பியபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் மட்டும்தான். அதனால் என்னோடு கதைத்தார்." அவள் தெருவைப் பார்த்தாள். "நீங்கள் விமானங்களுக்குக் கீழே இருந்தவர் என்று சொன்னார். உங்களிடம் அதற்கு மேல் கேட்கத் தனக்குத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னார்."

யோகநாதன் கோட்டுப் பொத்தானைப் போட்டான். நிறுவனத்தில் அவனுக்குக் கூசேன்வில்லில் வேலைக்குப் புதிதாக ஒரு வீடு கொடுத்திருந்தார்கள், போக நேரமாகிவிட்டது. ஈஸ்ரர் வரை பஜோல் தெரு வீட்டில்தான் இருப்பேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வாருங்கள் என்றாள் எலென். இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள் என்பது அவன் அனுபவம். அவள் மறக்கவில்லை, இரண்டு தரம் தொலைபேசி எடுத்தாள்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு போனார்கள். மிருணாளினி லா சப்பல் கடையில் வாங்கிய லட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைக் கதிரையின் நுனியில் இருந்தாள். வீட்டுச் சாமான்கள் பாதி பெட்டிகளுக்குள் போயிருந்தன. எலென் கோப்பி ஊற்றினாள். மழையைப் பற்றியும், வீட்டை விற்பதைப் பற்றியும் கதைத்தார்கள். எலென் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை, காத்திருந்தாள்.

யோகநாதன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்றான். விமானங்கள் வந்த நாட்களில் தையல் படித்துக்கொண்டிருந்தாள். தெரியாத பிரெஞ்சுச் சொல்லுக்கு மனைவியின் பக்கம் திரும்பினான்.

"பங்கருக்கு என்ன சொல்லுறது?"

மிருணாளினிக்கும் தெரியவில்லை. அவள் லட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, நிலத்தைத் தோண்டுவது போலக் கையால் காட்டினாள். எலென் தலையாட்டினாள். யோகநாதன் தொடர்ந்து சொன்னான்.